பந்தலூர்: தங்கம் கிடைக்காத தங்க ஊர்

தங்க வேட்டை என்றதும் எங்களுக்கெல்லாம் கலிபோர்னியாதான் ஞாபகம் வரும். கொஞ்சம் வாசிக்கிறவர்களுக்கு அவுஸ்திரேலியாவின் பல்லராட் தெரியும். சினிமா பார்க்கிறவர்களுக்கு கோலார் தெரியும். பந்தலூரை யாருக்கும் தெரியாது. ஆனால் 1880ஆம் ஆண்டில் லண்டனில் பங்கு வாங்கி விற்றவர்களிடம் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். பந்தலூரும் பக்கத்து ஊரான தேவாலாவும் அடங்கிய தென்கிழக்கு வயநாட்டை நம்பி, அந்த ஒன்றிரண்டு வருஷங்களுக்குள் 30க்கு மேற்பட்ட சுரங்கக் கம்பனிகளை அங்கே தொடங்கினார்கள். அவற்றின் மூலதனம் என்று காகிதத்தில் எழுதப்பட்ட தொகை சுமார் 40 இலட்சம் பவுண். அந்தக் காலத்துப் பவுண் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு பந்தலூர் தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்தில், கேரள எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு சின்ன தாலுகா ஊர். பஸ் நிற்கும் இடம், நாலைந்து தேநீர்க் கடைகள், மளிகைக் கடைகள், சுற்றிலும் தேயிலை. அந்தத் தேயிலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பவர்களில் பெரும்பகுதியினர் இலங்கையிலிருந்து போன எங்கட சனங்கள். தங்கத்துக்கும் எங்கட சனத்துக்கும் இடையில் என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

எங்களுக்கு இந்த ஊர் அறிமுகமானது ஒரு குடும்பப் பயணத்தில். அம்மாச்சியின் தம்பி, எங்களுக்குச் சின்னத்தாத்தா, சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் பெயர் பதிந்து 70களில் போனவர். அவர் குடும்பத்தைப் பார்க்க நீலகிரிக்குப் போயிருந்தோம். அங்கேயிருந்து ஒரு வேன் பிடித்து எல்லாருமாகக் கூடலூர் இறங்கி, நாடுகாணி, தேவாலா வழியாகச் சுல்தான் பத்தேரி போகும் ரோட்டில் பந்தலூரில் தேநீருக்கு நிறுத்தினோம். ஊட்டியின் குளிர் அங்கே இல்லை. உயரம் குறைவு, மழை அதிகம், காடு இன்னும் கிட்ட. சின்னத்தாத்தாதான் மலைப்பக்கம் கையைக் காட்டி, "இந்த மலைக்குள்ள வெள்ளைக்காரன் தோண்டின குகை நிறைய இருக்கு. அவனுக்குத் தங்கம் கிடைக்கல. நமக்குக் கவ்வாத்துக் கத்தி கிடைச்சிச்சு" என்றார். திரும்பி வந்து நூலகத்தில் தேடத் தொடங்கியது அந்த ஒரு வரிக்காகத்தான்.

வெள்ளைக்காரருக்கு முன்னால்

வயநாட்டில் தங்கம் இருக்கிறது என்பதை யாரும் "கண்டுபிடிக்க"வில்லை. அங்கே இருந்தவர்களுக்கு அது காலங்காலமாகத் தெரியும். மழைக்காலத்தில் ஓடைகள் கரைபுரண்டு ஓடி மண்ணை அரித்துக்கொண்டு வரும். வெள்ளம் வடிந்ததும் மணலை மரவை என்கிற மரத் தட்டில் அள்ளி, தண்ணீரில் சுழற்றிச் சுழற்றிக் கழுவினால் பாரமான கறுப்பு மணலும் அதற்குள் பொடிப்பொடியாகத் தங்கமும் அடியில் தங்கும். பாண்டியாறு, புன்னம்புழை எல்லாம் கீழே இறங்கிச் சாலியாற்றில் சேருகின்றன. கேரளத்தின் நிலம்பூர்ப் பக்கத்தில் அந்த ஆற்றில் தங்கம் அரிக்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

அப்படிக் கழுவியவர்கள் பணியர், குறும்பர் போன்ற பழங்குடிகள். நிலம் மட்டும் அவர்களுடையதாகக் கருதப்படவில்லை. கூடலூர், பந்தலூர்ப் பகுதி நிலம்பூர்க் கோவிலகத்தின் ஜென்ம நிலம். பணியர்கள் பல தலைமுறையாக நிலத்தோடு சேர்த்துக் கட்டப்பட்ட அடிமைகளாக இருந்தார்கள். 1843இல் பிரித்தானிய இந்தியாவில் அடிமை முறைக்கு எதிராகச் சட்டம் வந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. மானந்தவாடிக்குப் பக்கத்து வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் வருஷக் கணக்கில் அவர்களை வேலைக்குப் பேசி எடுக்கும் வழக்கம் வெகு காலம் நீடித்தது. வயநாட்டுத் தங்கம் தோன்றிய நாளிலிருந்தே அதை எடுத்த கை ஒன்று, வைத்திருந்த கை வேறொன்று. பின்னால் வந்த எல்லாக் கதையிலும் இது மாறவில்லை.

1831இல் மலபார் கலெக்டராக இருந்த ஷெஃபீல்ட் இந்தத் தங்கத்தைப் பற்றி அரசாங்கத்துக்கு அறிக்கை அனுப்பினார். நிக்கொல்சன் என்ற லெப்டினன்ட் ஒருவரை ஆராய அனுப்பினார்கள். வயநாட்டுக் காய்ச்சல், அதாவது மலேரியா, அந்தக் காலத்தில் பேர்போனது. செலவுக்கேற்ற பலன் இல்லையென்று அரசாங்கம் சில வருஷத்தில் அதைக் கைவிட்டது. அதன் பிறகு ஏறத்தாழ நாற்பது வருஷம் தங்கத்தை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. எல்லோரும் கோப்பியின் பின்னால் போய்விட்டார்கள்.

கோப்பி செத்தது, தங்கம் பிறந்தது

இந்த இடத்தில் கதை எங்கள் மலைகளோடு முடிச்சுப் போடுகிறது. 1869இல் இலங்கையில், மடுல்சீமைப் பக்கம், கோப்பி இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறத் தூள் படிவதைக் கவனித்தார்கள். ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சை. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதானே: கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. அந்த நோய் பாக்கு நீரிணையில் நின்றுவிடவில்லை. தென்னிந்தியத் தோட்டங்களுக்கும் பரவியது. வயநாட்டில் அதற்கு முன்பே தண்டு துளைக்கும் வண்டு கோப்பிச் செடிகளைப் பாதி தின்றிருந்தது. இரண்டும் சேர்ந்ததும் துரைமார் கடனில் மூழ்கினார்கள்.

இலங்கைத் துரைமார் சிலர் சிங்கோனா போட்டுப் பார்த்தார்கள், பிறகு தேயிலைக்கு மாறினார்கள். வயநாட்டுத் துரைமாருக்கு இன்னொரு யோசனையும் இருந்தது: காலடியில் கிடக்கிற வெள்ளைக் கல்லுக்குள் தங்கம் இருந்தால்?

அந்த யோசனை அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்று சொன்னாலும் தப்பில்லை. 1851இல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்த பிறகு உலகம் முழுக்க அனுபவப்பட்ட தங்கக்காரர்கள் பரவினார்கள். 1860களில் அப்படிச் சிலர் வயநாட்டுக்கும் வந்து கல்லைத் தட்டிப் பார்த்தார்கள். ஆற்று மணலில் இருக்கிற தங்கம் மேலே எங்கோ இருக்கும் குவார்ட்ஸ் பாறைகளிலிருந்துதான் அரித்து வந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான். 1874இல் அல்பா என்ற பெயரில் முதல் கம்பனி தேவாலாவுக்குப் பக்கத்தில் வேலை தொடங்கியது. அதே காலத்தில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் வந்து பாறைகளைப் பார்த்து அறிக்கை எழுதினார். 1877இல் தென்கிழக்கு வயநாட்டை மலபாரிலிருந்து பிரித்து நீலகிரி மாவட்டத்தோடு சேர்த்தார்கள். இப்போது அது தமிழ்நாட்டில் இருப்பதற்குக் காரணம் இந்தக் கோடுதான்.

1879இல் அரசாங்கம் பெரிய ஆளைக் கூப்பிட்டது. றொபர்ட் புரோ ஸ்மித், விக்டோரியாவின் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்தவர். அங்கத்தைய தங்க வயல்களைப் பற்றி 1869இல் தடித்த புத்தகம் எழுதியவர். விக்டோரியாவில் தனக்குக் கீழ் வேலை செய்தவர்களை மோசமாக நடத்தினார் என்று விசாரணை நடந்து, 1876இல் பதவி விலகியவரும் அவர்தான். அவர் வயநாடு முழுக்க நடந்து கல் மாதிரிகள் சேகரித்தார். தங்கம் தாங்கிய பாறை வரிசைகள் நிறைய இருக்கின்றன என்று எழுதினார். சில மாதிரிகளில் கிடைத்த அளவு வாயைப் பிளக்க வைத்தது. 1880இல் அந்த அறிக்கை லண்டனுக்குப் போய்ச் சேர்ந்ததும் காய்ச்சல் தொடங்கியது. இந்த முறை மலேரியா இல்லை.

கடதாசியில் எடுத்த தங்கம்

அந்தக் காய்ச்சல் எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் இதே முறையை இன்றைக்கும் வேறு பெயர்களில் பார்க்கிறோம்.

ஒரு துரையிடம் நோய் பிடித்த கோப்பித் தோட்டம் இருக்கிறது. யாரும் வாங்க மாட்டார்கள். தரகன் ஒருவன் வருகிறான். தோட்டத்துக்குள் ஒரு குவார்ட்ஸ் வரிசை ஓடுகிறது என்று காட்டுகிறான். லண்டனில் ஒரு கம்பனி உருவாகிறது. பட்டம் உள்ள பெரியவர்கள் இரண்டு மூன்று பேரை இயக்குநர்களாகப் போடுகிறார்கள். அந்தக் கம்பனி பொதுமக்களிடம் பங்கு விற்றுச் சேர்த்த பணத்தில், அதே தோட்டத்தை அதன் மதிப்பைவிடப் பல மடங்கு விலைக்கு வாங்குகிறது. துரைக்குக் கடன் தீர்ந்தது. தரகனுக்கும் கம்பனியைத் தொடங்கியவர்களுக்கும் கை நிறைந்தது. பங்கு வாங்கியவனின் பணத்தில் பெரும்பகுதி மண்வெட்டி நிலத்தில் படுவதற்கு முன்பே தீர்ந்துபோனது.

மிச்சப் பணத்தில் செய்ததும் தலைகீழ் வேலை. பாறைக்குள் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று ஆழத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு இயந்திரம் வாங்குவதுதான் முறை. இங்கே முதலில் இயந்திரத்துக்கு ஓடர் கொடுத்தார்கள். மானேஜருக்கு பங்களா கட்டினார்கள். பெரிய இரும்பு உலக்கைகள் வரிசையாக எழுந்து விழுந்து கல்லை நொறுக்கும் ஆலைகள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் மேற்குக் கரைக்கு வந்தன. அங்கேயிருந்து மாட்டு வண்டியில் துண்டு துண்டாகக் கணவாய் ஏற்றினார்கள். காட்டுக்கு நடுவில் பந்தலூரும் தேவாலாவும் திடீரென்று ஊரானது இப்படித்தான். மானேஜர்கள், கணக்கர்கள், சுரங்க வேலை தெரிந்த வெள்ளைக்காரர்கள், மேஸ்திரிகள் கூட்டி வந்த கூலிகள் என்று சனம் நிறைந்தது.

பிறகு கல்லை உடைத்தார்கள். ஒரு தொன் கல்லுக்கு வந்த தங்கம் ஒரு சில கிராம்தான். செலவுக்குக் காணாது.

ஏன் அப்படி? இரண்டு காரணம் சொல்லலாம். முதலாவது, மண்ணின் மேற்பரப்புக்குக் கிட்ட இருக்கிற பாறை மழையிலும் வெயிலிலும் பல்லாயிரம் வருஷம் சிதைந்து கரைந்து போகும்போது தங்கம் மட்டும் அங்கேயே தங்கி அடர்த்தியாகிவிடும். மேலே எடுத்த மாதிரியை வைத்துக் கீழேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். இரண்டாவது, ஆழத்தில் இருந்த தங்கத்தின் ஒரு பகுதி இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற கனிமத்துக்குள் மறைந்திருந்தது. அந்த நாள் முறை, நொறுக்கிய கல்லைப் பாதரசம் பூசிய தகட்டின் மேல் ஓட விடுவது. தனியாக இருக்கும் தங்கத்தைப் பாதரசம் பிடிக்கும், பைரைட்டுக்குள் இருப்பதைப் பிடிக்காது. அதைப் பிரித்தெடுக்கிற சயனைட் முறைக்கு 1887இல்தான் காப்புரிமை எடுத்தார்கள். அதற்குள் வயநாட்டுக் கம்பனிகளில் பெரும்பாலானவை மூடப்பட்டிருந்தன.

மூன்று நாலு வருஷத்தில் எல்லாம் முடிந்தது. வெள்ளைக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். இயந்திரங்களைத் திருப்பி இறக்குவதற்குக்கூடப் பணம் இல்லாததால் பல இடங்களில் அப்படியே விட்டுப் போனார்கள். காடு வளர்ந்து மூடியது.

கோலாருக்கு அதிர்ஷ்டம், யாருக்கு?

இதே 1880இல் மைசூர் சமஸ்தானத்தின் கோலாரிலும் கம்பனிகள் தொடங்கின. நியூசிலாந்துச் சண்டையில் இருந்து வந்த லவெல் என்ற அயர்லாந்துக்காரர் 70களில் அங்கே சுரங்க அனுமதி வாங்கியிருந்தார். அங்கும் முதலில் தோல்விதான். ஜோன் டெய்லர் நிறுவனம் நடத்திய மைசூர்க் கம்பனியில் 1883 அளவில் பணம் தீரும் நிலை. கடைசி முயற்சியாக பிளம்மர் என்பவரை அனுப்பினார்கள். அவர் பழைய உள்ளூர்ச் சுரங்கக் குழிகளைப் பின்பற்றி ஆழத்துக்குப் போய் சாம்பியன் படிவத்தைத் தொட்டார். ஆரம்ப காலத்தில் ஒரு தொன்னுக்கு ஓர் அவுன்சுக்கு மேல் கிடைத்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 2001 பெப்ரவரியில் மூடும்வரை 120 வருஷத்தில் 800 தொன்னுக்கு மேல் தங்கம், மூன்று கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழம்.

அந்த ஆழத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். அவர்களில் நிறையப் பேர் தலித் மக்கள். அவர்கள் இருந்த வரிசை வீடுகளை அங்கே "லைன்" என்கிறார்கள். நாங்கள் "லயம்" என்கிறோம். ஒரே ஆங்கிலச் சொல், ஒரே மாதிரிக் கூரை, அதே மாவட்டங்களிலிருந்து வந்த சனம். ஒரு பகுதி மைசூருக்கு ரயில் ஏறியது, இன்னொரு பகுதி மன்னாருக்குத் தோணி ஏறியது. இது உவமைக்காகச் சொல்வதில்லை. பஞ்சமும் சாதியும் கடனும் தள்ளிவிட்ட ஒரே கூட்டத்தை, பேரரசு ஓரிடத்தில் தங்கத்துக்கும் மற்ற இடத்தில் கோப்பிக்கும் பிரித்துக்கொண்டது.

கோலார் வெற்றி, வயநாடு தோல்வி என்றுதான் புத்தகங்கள் எழுதும். பங்குதாரர் கணக்கில் அது சரி. கோலாரின் வெற்றி அங்கே வேலை செய்தவர்களுக்கு என்ன கொடுத்தது? சுரங்கம் மூடிய பிறகும் அதே பழைய லைன்களில், சயனைட் கழிவு மண்மலைகளின் தூசுக்கு நடுவில், பிள்ளைகளை விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு அனுப்பிக்கொண்டு வாழ்கிறார்கள். ஆக, தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உழைத்தவன் வந்து நிற்கிற இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

நாங்கள் எப்போது வந்தோம்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எங்கட சனத்தில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். அப்போது கணக்கிட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். ஒருவரிடமும் கேட்கவில்லை. தேயிலைப் பெட்டியைப் பங்கு போடுகிற மாதிரித்தான்.

தலைமன்னாரிலிருந்து இராமானுஜம் கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய காலத்தில் கூலிகளைத் தடுத்து வைத்து மருந்தடித்த அதே மண்டபம்தான். போனவர்களின் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்து இறங்கியதும் அங்கேதான்.

வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாட்டு அரசு 1968இல் வனத்துறையின் கீழ் தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 70களின் நடுவில் அது டேன்டீ என்ற அரசுக் கம்பனியானது. தேயிலை போட நிலம் எங்கே? காட்டில்தான். பாண்டியார், நெல்லியாளம், தேவாலா, சேரங்கோடு, சேரம்பாடி, கொளப்பள்ளி என்று அதன் தோட்டங்களின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். ஏறத்தாழ பழைய தங்க வயலின் வரைபடத்தை வாசிக்கிற மாதிரி இருக்கும். 1880இல் கம்பனிகள் துண்டு போட்ட அதே மலைகளில், ஒரு நூற்றாண்டு கழித்து, தலவாக்கலையிலும் பதுளையிலும் கவ்வாத்துப் பழகிய கைகள் காட்டை வெட்டித் தேயிலை நட்டன. உள்ளூரில் அவர்களுக்கு இன்றுவரை பெயர் "சிலோன்காரங்க". இங்கே இருந்தபோது "இந்தியாக்காரன்". இதற்கு மேல் நாங்கள் எதுவும் சொல்லத் தேவையில்லை.

எல்லோருக்கும் தோட்டத்தில் வேலை கிடைக்கவில்லை. கிடைக்காதவர்களில் பலர் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் காலி நிலத்தில் குடிசை போட்டார்கள். நிலம்பூர்க் கோவிலகத்தின் ஜென்ம உரிமையை ஒழிக்க 1969இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. ஆனால் வழக்குகளில் சிக்கி, நிறைய நிலம் யாருடையது என்ற கேள்வி பல பத்தாண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நிலங்களில் இருக்கிறவர்களுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லையென்றால் அங்கே எதுவும் சுலபமில்லை.

டேன்டீயும் நட்டத்தில் ஓடுகிறது. 2022இல் 2,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க அரசாணை வந்தபோது தொழிலாளர் போராட்டம் நடத்தினார்கள். ஓய்வு பெற்றவர்கள் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும் என்ற பிரச்சினையும் அதோடு சேர்ந்தே வெளியே வந்தது. வனத்துறை பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. யானை வழித்தடங்கள் தோட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கின்றன, அங்கே மனிதரும் யானையும் மோதாத மாதமே கிடையாது. ஆனால் காட்டை வெட்டச் சொன்னது அரசு, வெட்டியது இவர்கள். இப்போது காட்டைத் திருப்பிக் கேட்கும்போது விலை கொடுக்க வேண்டியது யார்?

கஷ்டமான பகுதி

இந்தக் கதையை இங்கே முடித்தால் எங்களுக்கு வசதி. வெள்ளைக்காரன் ஏமாற்றினான், அரசுகள் கைவிட்டன, எங்கட சனம் பாவம். எல்லாம் உண்மைதான். ஆனால் பணியர்களும் குறும்பர்களும் காட்டுநாயக்கர்களும் எங்கே போனார்கள்?

கோவிலகம் இருந்தபோது அவர்கள் அடிமைகள். கோப்பித் துரை வந்தபோது காடு போனது. தங்கக் கம்பனி வந்தபோது அவர்கள் காட்டிய ஓடைகளைப் பின்பற்றித்தான் வெள்ளைக்காரர் பாறையைக் கண்டார்கள், பெயர் புரோ ஸ்மித்துக்குப் போனது. கீழேயிருந்து குடியேறிய விவசாயிகள் வயல்களை எடுத்தார்கள். கடைசியாக எங்கட சனத்துக்குக் கொடுத்த தேயிலை நிலமும் ஒரு காலத்தில் அவர்கள் தேனெடுத்த, கிழங்கு தோண்டிய காடுதான். நாடில்லாமல் வந்தவனுக்கு அடைக்கலம் கொடுத்த நிலம், இன்னொருவனுக்கு இழந்த நிலம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். இதைச் சொல்வதால் சின்னத்தாத்தா மாதிரி ஆட்களின் உரிமை குறைந்துவிடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள் இல்லை, காட்டை அளந்து கொடுத்தவர்களும் அவர்கள் இல்லை.

தேவாலாப் பக்கத்தில் இன்னும் சிலர் பழைய சுரங்கக் குகைகளுக்குள் இறங்கிக் கல் உடைத்துத் தங்கம் எடுக்கிறார்கள். சட்டப்படி குற்றம். பொலிஸ் பிடிக்கிறது, மண் சரிந்து ஆட்கள் செத்தும் இருக்கிறார்கள். பேராசை என்று செய்தியில் எழுதுகிறார்கள். 40 இலட்சம் பவுணைக் கடதாசியில் தோண்டியவர்களை வரலாறு "முதலீட்டாளர்" என்கிறது. ஒரு நாள் கூலிக்குக் குகைக்குள் போகிறவனை "திருட்டுத்தனமாகத் தோண்டியவர்" என்கிறது.

2023இல் மலையகம் 200ஐ ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களில் எங்கள் நண்பர்களும் இருந்தார்கள். காணி உரிமைதான் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. ஏழு பேர்ச் போதுமா, உறுதிப் பத்திரம் யார் பெயரில் என்று நாங்கள் இங்கே கதைத்துக்கொண்டிருக்கும்போது, அதே கேள்வியைப் பந்தலூரில் இருக்கிற எங்கட சனம் பட்டா என்ற சொல்லால் கேட்கிறது. 2006இல் வந்த வன உரிமைச் சட்டத்தை வைத்து அங்கத்தைய பழங்குடி மக்களும் அதையே கேட்கிறார்கள். அரசுகளுக்கு இந்த இரண்டு கூட்டத்தையும் ஒருவருக்கு எதிராக மற்றவரை நிறுத்துவது சுலபம்: தோட்டத்துக்காரனால் உன் காடு போனது, காட்டுக்காரனால் உன் வீடு போகிறது.

எங்கள் தலைமுறையில் நீலகிரிக்குச் சொந்தம் பார்க்கப் போகிறவர்கள் நிறைய. ஊட்டியில் படகுச் சவாரி முடித்துவிட்டுத் திரும்பாமல் கூடலூர் இறங்கிப் பந்தலூர் வரைக்கும் போய் வாருங்கள். அங்கே அருங்காட்சியகம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. குகை தேடி உள்ளே போகாதீர்கள், ஆபத்து. ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து வயதானவர்களிடம் கதை கேளுங்கள். சிலோன்காரரிடம் மட்டும் கேட்காமல் பணியர் குடியிருப்பில் இருக்கிற ஒருவரிடமும் கேளுங்கள். எங்களுக்கு அந்த இரண்டாவது ஆளிடம் கதைக்க இன்னும் வாய்க்கவில்லை. அடுத்த முறை போகும்போது முதல் வேலை அதுதான்.